பாட்டு போடாத வீடியோ

கடைசியாக யார் கீழே விழுந்ததைப் போனில் பார்த்துச் சிரித்தீர்கள்? அவர் பெயர் என்ன? விழுந்த பிறகு எழுந்தாரா என்பதாவது தெரியுமா?

தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியும் இருக்காது. விரலை மேலே தள்ளினால் அந்த ஆள் போய்விடுகிறார், அடுத்தவர் வந்து விழுகிறார். அப்படி விழுந்தவர்களில் ஒருத்தியின் பெயர் சிவரஞ்சனி. ஏற்காடு மலையில் தலைச்சோலை அவள் ஊர். அவளை நாலு பேர் சிரிக்கும்படி ஊரெல்லாம் காட்டியவர்களில் அவளைப் பெற்ற கண்ணாயியும் ஒருத்தி. இது கண்ணாயியைப் பற்றியது.

கண்ணாயி பிறந்தது மாரமங்கலத்தில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆறாம் வகுப்புக்கு நடக்க வேண்டிய காட்டுவழியில் ஒரு பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. தலைச்சோலைக் காளியண்ணனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் அவர்களுக்குக் கொஞ்சம் காப்பி உண்டு, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி உண்டு, மழை பார்த்து விதைக்கும் ராகி உண்டு. அதை வைத்து மூன்று பேர் சாப்பிடலாம், ஒரு பெண்ணைப் படிக்க வைக்க முடியாது. அதனால் கண்ணாயி எஸ்டேட் வேலைக்கும் போனாள்.

காப்பிப் பழம் பறிக்கிற பெண்களுக்குப் போனில் எழுத்து அடிக்கிற பழக்கம் கிடையாது. விரலெல்லாம் பழத்தின் பிசுபிசுப்பு. முழங்கையால் போனை அணைத்துப் பிடித்து, மைக்கை அழுத்திப் பேசி அனுப்புவதுதான் அவர்கள் வழி. அதில் கண்ணாயியின் குரல் பேர்போனது. "அக்கா, நாளைக்கு மேல் பிளாக்குங்களாம். கணக்கு எழுதற ரைட்டர் சொல்லிட்டுப் போறாரு. நேரமே வந்துருங்க, காலுல அட்டை ஏறுனா வெக்க உப்பு எடுத்துக்கங்க." பறிக்கிற பெண்கள் குழுவில் அவள் குரலைக் கேட்டுத்தான் பாதிப் பேர் மறுநாளைக்குத் தயாராவார்கள்.

அந்தப் போன் கொரோனாக் காலத்தில் வந்தது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் பாடத்தைப் போனுக்கு அனுப்பினார்கள். ரஞ்சனிக்காக வாங்கிய போனை அம்மாவும் பெண்ணும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வகுப்புக் குழுவில் இருந்ததும் கண்ணாயியின் எண்தான். பிள்ளைகள் எல்லாரும் அதை 'ரஞ்சனி அம்மா' என்று பதிந்து வைத்திருந்தார்கள். மகள் பரிசு வாங்கினாலும், வீட்டுப் பசு கன்று ஈன்றாலும், கண்ணாயி அதை ஸ்டேட்டஸில் போடுவாள். பாராட்டுகிறவர்கள் அதிகம் இல்லாத வாழ்க்கை அது. மகளை நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

வைகாசியில் ஊர் மாரியம்மன் பண்டிகை. ரஞ்சனி பத்தாம் வகுப்புக்குப் போகிற வருடம். நல்ல மார்க் வரவேண்டும் என்று காலையிலிருந்து விரதம், முந்தின நாள் சரியான தூக்கமும் இல்லை. பம்பைச் சத்தம், சாம்பிராணிப் புகை, நெருக்கியடித்த கூட்டம். அதன் நடுவில் நின்றவள் சட்டென்று விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பல் கிட்டியது. கண் சொருகியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று ஒரு குரல் கிளம்பியது. பிறகு வேறு பேச்சே இல்லை. குலவை போட்டார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையால் அடித்தார்கள். கண்ணாயி தரையில் விழுந்து கும்பிட்டாள், தான் பெற்ற பிள்ளையை.

அவளைப் பார்த்துப் படித்தவர்கள் சிரிக்க வேண்டாம். மூளைக்குள் ஒரு கணம் மின்சாரம் தாறுமாறாக ஓடினால் உடம்பு இப்படித்தான் இழுக்கும் என்பது எத்தனையோ காலமாகப் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்து அவளிடம் சொல்ல ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. போன் விற்கிறவர்களுக்கு மட்டும் நேரம் இருந்தது.

நாலைந்து நாள் கழித்து, பஸ் நிற்கும் வளைவில், அங்கேதான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும், கண்ணாயியின் போன் தொடர்ந்து முனகியது. பறிக்கிற பெண்கள் குழுவில் யாரோ ஒருத்தியின் போனிலிருந்து அவள் மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ரஞ்சனிதான். பண்டிகையில் அவள் துடித்தது. பின்னால் ஒரு சினிமாப் பாட்டு. கை இழுப்பது பாட்டின் அடிக்குச் சரியாக விழுந்தது. முகத்தின் மேல் ஒரு சின்னப் போன் படம் ஆடிக்கொண்டிருந்தது, ஆங்கில எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. அதற்குக் கீழே வரிசை வரிசையாக மஞ்சள் முகங்கள். ஒவ்வொரு முகத்திலும் கண்ணின் இரண்டு பக்கமும் நீர்.

கண்ணாயிக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. பண்டிகைக்கு மைக்செட்டில் சினிமாப் பாட்டுப் போடுவது வழக்கம்தானே. பாட்டுப் போட்டு, படம் வைத்து, யார் யாரோ பக்தியில் அழுகிறார்கள். தன் பெண்ணுக்காக அழுகிறார்கள்.

வீடியோவை ஸ்டேட்டஸில் போட்டாள். மாரமங்கலத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினாள். மஞ்சக்குட்டையில் இருந்த நாத்தனாருக்கு அனுப்பினாள். பள்ளிக்கூட வகுப்புக் குழுவுக்கும் அனுப்பினாள். கூடவே மைக்கை அழுத்திச் சொன்னாள்: "என்ற புள்ள மேல ஆத்தா எறங்கியிருக்கறாளுங்க. எல்லாரும் பாத்துக் கும்பிட்டுக்கங்க."

பறிக்கிற பெண்கள் குழுவுக்கு நழுவி வந்தது தவிர, அதுவரை அந்த வீடியோ ஆசிரியர்கள் இல்லாத பிள்ளைகளின் குழு ஒன்றில் ஒளிந்து ஒளிந்து சுற்றியது. கண்ணாயியின் குரல் அதற்கு அனுமதிச் சீட்டு கொடுத்தது. "அவங்க அம்மாவே போட்டிருக்காங்கடா, நமக்கென்ன?" என்றார்கள் பிள்ளைகள். சிலர் அந்தக் குரலையும் வெட்டி வீடியோவின் தலையில் ஒட்டினார்கள். 'எல்லாரும் பாத்துக் கும்பிட்டுக்கங்க' என்று அம்மா சொல்வாள், உடனே பாட்டு ஆரம்பிக்கும், மகள் துடிப்பாள்.

ஜூனில் பள்ளி திறந்தது. ரஞ்சனி கொஞ்ச நாள் போனாள். பிறகு தலைவலி என்றாள். பிறகு வயிற்றுவலி. அப்புறம் காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காளியண்ணனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. "ஆத்தா எறங்குன புள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?" என்றான். காணாமல்போன ஆட்டுக்கு வழி கேட்க ஒருவர், கல்யாணம் எப்போது கூடும் என்று கேட்க ஒருவர் என்று எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ரஞ்சனி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் கண்ணாயி கதவைத் தட்டித் திறக்க வைத்தாள்.

"ஏன் கண்ணு இப்படிப் பண்ற? ஊரே உன்னையக் கும்புடுது. உன்ற வீடியோ பாத்து எத்தன பேர் அழுதுருக்கறாங்க தெரியுமா?"

"ஆரு அழுதாங்க?"

போனை எடுத்துக் காட்டினாள். ரஞ்சனி அந்த மஞ்சள் முகங்களைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். கோபம் வருவதற்குப் பதில் அவளுக்குப் பாவமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"அம்மா, இது அழுவுற மூஞ்சி இல்லம்மா. சிரிக்கிற மூஞ்சி. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வருதுன்னு அர்த்தம்."

கண்ணாயி போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். வாய் விரிந்திருந்தது. பல் தெரிந்தது. இத்தனை நாள் பார்த்தும் அந்தப் பல் அவள் கண்ணில் படவில்லை.

"இங்கிலீசுல என்ன எழுதியிருக்குது?"

"வைப்ரேசன் மோடுன்னு. பஸ்ஸுல ஏறுனா 'வைப்ரேசன் வருது'ங்கறாங்க. பெஞ்சுல ஒக்காந்தா பக்கத்துல இருக்கறவ கையக் கால வெட்டி வெட்டி ஆட்டுவா. சார் பாடம் நடத்தறப்ப எவனாச்சும் போன் மாதிரி உர்ர்ருங்கறான், கிளாஸே சிரிக்குது."

"ஆரு கண்ணு எடுத்தது இத?"

ரஞ்சனி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "சிவசக்தி."

சிவசக்தி அடுத்த தெருப் பெண். ஒரே வகுப்பு, ஒரே பஸ், சின்ன வயதிலிருந்து ஒரே தட்டு. கண்ணாயியை அத்தை என்று கூப்பிடுகிறவள். கண்ணாயி அன்றைக்கே அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டாள். தெருவே வெளியே வந்தது. "என்ற கண்ணு முன்னாலயே அழிக்கோணும், இப்பவே அழிக்கோணும்" என்று நின்றாள். சிவசக்தி அங்கேயே அழித்தாள். கண்ணாயி தன் ஸ்டேட்டஸ் காணாமல் போய்விட்டதை உறுதி செய்துகொண்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்து வீடு திரும்பினாள்.

விஷயம் தெரிந்து பள்ளியில் என்ன செய்தார்கள்? பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்துப் போன் கெட்டது என்று பேசினார்கள். ஒரு பெண்ணின் வலியைக் கேலியாக்கி, ரசித்து, பரப்பினது மனிதர்கள். திட்டு வாங்கினது போன். சிரித்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, கலைந்து போகும்போது மறுபடி உர்ர் என்றார்கள்.

ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், காலை வேளையில், குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரஞ்சனி விழுந்தாள். பம்பை இல்லை. புகை இல்லை. பாதி கழுவிய குண்டான் உருண்டு ஓடியது. கண்ணாயி கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள், கையில் திணிக்க இரும்புச் சாவி எடுக்க. வலிப்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது அந்த ஒரு சாவி மட்டும்தான். திரும்பி வந்தபோது துடிப்பு அடங்கியிருந்தது. பாவாடை நனைந்திருந்தது. வாயோரம் ரத்தம்.

தடுப்பூசி போட ஊருக்கு வந்திருந்த நர்ஸ் அமலி சத்தம் கேட்டு ஓடிவந்தார். முதலில் ரஞ்சனியை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். அப்புறம் அவள் விரல்களைப் பிரித்து, கண்ணாயி திணித்திருந்த சாவியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஏனுங்க்கா, இதுக்கு முன்னாடி இப்படி வந்துருக்குதுங்களா?"

"பண்டிகைல ஆத்தா வந்தாளுங்க."

அமலி ரஞ்சனியின் நாக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஆத்தா எதுக்குங்க்கா நாக்கக் கடிக்கறா?"

 அந்தக் கேள்வி கண்ணாயியோடு சேலம் வரை பஸ்ஸில் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக விசாரித்தார். முதலில் எந்தக் கை இழுத்தது? தலை எந்தப் பக்கம் திரும்பியது? விழுவதற்கு முன் என்ன ஆனது? ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணாயி, "நான் சாவி எடுக்கப் போயிட்டனுங்க" என்றுதான் சொல்ல முடிந்தது. ரஞ்சனிக்கு எதுவும் நினைவில்லை. தலையில் ஒயர் ஒட்டி எடுத்த படத்தில் தெளிவாக ஒன்றும் விழவில்லை.

"வலிப்பு வர்ற நேரத்துல எடுத்தாத்தான் சில பேருக்குத் தெரியும்" என்றார் டாக்டரம்மா. "வலிப்புலயே பல வகை இருக்கு. ஒண்ணுக்குக் குடுக்கற மாத்திரை இன்னொண்ண அதிகமாக்கிடும். வெறும் மயக்கமாக்கூட இருக்கலாம். ஆரம்பம் எப்படின்னு தெரிஞ்சா நல்லது. யாராவது வீடியோ எடுத்திருக்காங்களா?"

கண்ணாயி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வார்த்தையைத் தன் பெண் காதில் இனி விழவிடக் கூடாது என்று நினைத்திருந்தாள்.

"இருக்குதுங்க" என்றாள் ரஞ்சனி. "பாட்டு போட்டது."

பறிக்கிற பெண்கள் குழுவில் அது இன்னும் இருந்தது. டாக்டரம்மா சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அதைப் பார்த்த மனிதர்களில் சிரிக்காமலும் கும்பிடாமலும் பார்த்த முதல் ஆள் அவர்தான். ரஞ்சனி அவர் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் கடைசிவரை மாறவில்லை.

"வேகத்தக் கூட்டியிருக்காங்க. ஆரம்பத்த வெட்டிட்டாங்க. இந்தப் போன் படத்தால கண்ணு எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியல. வெட்டாம, பாட்டு போடாம, முழுசா எடுத்தது கிடைக்குமா?"

"அத அழிச்சாச்சுங்க" என்றாள் கண்ணாயி. "நாந்தானுங்க அழிக்க வெச்சேன்."

மலைக்குத் திரும்பியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சிவசக்தி வீட்டுக்குப் போனாள். சிவசக்தியின் அம்மா சசிகலா வாசற்படியிலேயே மறித்து நின்றாள்.

"மறுக்காவும் எதுக்குங்க்கா வந்தீங்க? ஊரக் கூட்டி எங்க மானத்த வாங்குனது போதாதுங்களா?"

"அந்த வீடியோ வேணும் சசி."

"ஏனுங்க்கா, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அன்னைக்கு அழி அழின்னு குதிச்சீங்க. அழிச்சாச்சு. இன்னைக்கு வந்து குடுங்கறீங்க. கொண்டுபோயி ஸ்டேசன்ல வெக்கறதுக்கா? என்ற புள்ள பொழப்பு என்னாவறது?"

"ஸ்டேசனுக்குப் போறதா இருந்தா அன்னைக்கே போயிருப்பேன். அன்னைக்குத்தான் அவ்வளவு கோவம் இருந்துச்சு."

"இன்னைக்குக் கோவம் இல்லீங்களாக்கும்?"

"இருக்குது. இல்லைன்னு ஆரு சொன்னா? டாக்டரம்மா கேக்கறாங்க. அதுல பாத்தாத்தான் எந்த மாத்திரைன்னு தெரியுமாம்."

சசிகலா நம்பவில்லை. போலீஸ் பயம் அவளை நம்பவிடவில்லை. பயந்தவர்கள் பிடிக்கிற ஆயுதத்தையே அவளும் எடுத்தாள். "என்ற புள்ள ஒரு குரூப்புல போட்டா. நீங்க எத்தன குரூப்புல போட்டீங்க? கும்பிட்டுக்கங்கன்னு பேசி வேற அனுப்புனீங்க. மாரமங்கலம், மஞ்சக்குட்டை வரைக்கும் கொண்டுபோனது ஆருங்க்கா? எம்புள்ளயா, நீங்களா?"

தெருவில் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாயி அவர்களைப் பார்த்தாள். சசிகலாவைப் பார்த்தாள்.

"ஆமா. நாந்தான்" என்றாள்.

சசிகலா அடுத்துச் சொல்ல வைத்திருந்ததெல்லாம் அதற்குப் பிறகு உதவவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சிவசக்தி வெளியே வந்தாள்.

"அது முழுசா போவல, அத்தை. அழிச்சது போனுக்குள்ளயே குப்பைல கெடக்கும், கொஞ்ச நாளைக்கு. நான் நேத்துக்கூடப் பாத்தேன்."

"ஏண்டி, வாய மூடுடி!" என்றாள் சசிகலா.

"குடுக்கறேம்மா. போலீஸ்ன்னாலும் குடுக்கறேன்."

மூன்று பேரும் உள்ளே போனார்கள். சிவசக்தி வீடியோவை எடுத்துப் போனைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள். கண்ணாயி முதல்முறையாக அதைப் பாட்டு இல்லாமல் பார்த்தாள்.

முதலில் சிவசக்தியின் குரல், சிரிப்போடு: "ரஞ்சு, இங்க பாருடி, ஸ்டேட்டஸ் போடறேன்." கூட்டத்தின் நடுவில் ரஞ்சனி திரும்பிச் சிரிக்கிறாள். சிரிப்பு அப்படியே ஒரு பக்கமாகக் கோணுகிறது. அவள் இடது கை விரல்கள் தனியாகத் துடிக்கின்றன. அவள் அந்தக் கையைக் குனிந்து பார்க்கிறாள், தன்னுடையது இல்லாத ஒன்றைப் பார்ப்பது போல. வலது கையால் அதைப் பிடித்து அடக்கப் பார்க்கிறாள். வாய் 'அம்மா' என்று அசைகிறது. பம்பைச் சத்தத்தில் குரல் வரவில்லை. தலை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. விழுகிறாள்.

பிறகு அந்தக் கூச்சல். அதற்கு மேலே மறுபடியும் சிவசக்தியின் குரல், இப்போது சிரிப்பு இல்லை: "அத்தை, ரஞ்சு மூஞ்சி நீலமாவுது! அத்தை, தூக்குங்க!"

அதற்குப் பதிலாக இன்னொரு குரல். எஸ்டேட் முழுக்கப் பேர்போன குரல்: "ஆரும் தொடாதீங்க! ஆத்தா வந்துருக்கறா! தள்ளிப் போடி அங்கிட்டு!"

படம் ஆடுகிறது. சிவசக்தியை யாரோ தள்ளியிருக்கிறார்கள். யார் என்று கண்ணாயிக்குத் தெரியும்.

வீடியோ முடிந்ததும் அவள் சுவரோரம் நின்ற சிவசக்தியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "பயந்துதானே இருந்த? அப்பறம் எதுக்கு சிரிக்கப் போட்ட?"

"நீங்கெல்லாம் சாமின்னீங்க. சரி, ஒண்ணும் இல்லையாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். கிளாஸ் பசங்க குரூப்புல சும்மாதான் போட்டேன். ஒருத்தன் பாட்டு போட்டு அனுப்புனான். எல்லாரும் சிரிச்சாங்க." சிவசக்தி சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "அந்தப் போன் படம் நான் வெச்சது. நான் போட்ட எதுக்கும் அவ்வளவு பேர் பதில் போட்டதே இல்ல, அத்தை."

இதைவிட நேர்மையான வாக்குமூலத்தை எந்த நீதிமன்றமும் கேட்டிருக்காது. பிள்ளைகள் அரக்கர்கள் இல்லை. ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு பெண்ணுக்குத் திடீரென்று நூறு பேர் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலைத் தயாரிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. விலையை மட்டும் வேறொரு பெண் கொடுக்கிறாள்.

கண்ணாயி அவளை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "நாளைக்கு மொதல் பஸ்ஸு. போன எடுத்துக்கிட்டு நீயே வா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பஸ்ஸில் கண்ணாயி நடுவில் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் ரஞ்சனி, இந்தப் பக்கம் சிவசக்தி. கொண்டை ஊசி வளைவுகளில் மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய வேண்டியிருந்தது.  மலை இறங்கிக் காற்று சூடான பிறகு ரஞ்சனி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பாட்டுக்குச் சரியா என்ற கைய வெச்சீங்களே, அது வலிக்கும்னு உனக்குத் தோணலையா?"

"இல்ல" என்றாள் சிவசக்தி. கொஞ்சம் கழித்து, "போன்ல பாக்கறப்ப நீயாட்டவே தெரியலடி" என்றாள்.

டாக்டரம்மா முழு வீடியோவையும் பார்த்தார். விரல் துடிக்கும் இடத்தில் நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தார். இது வலிப்புதான், மூளையின் ஒரு பக்கத்தில் தொடங்கிப் பிறகு முழுக்கப் பரவுகிற வகை, இதற்கு மருந்து இருக்கிறது என்று ரஞ்சனியிடம் நேராகச் சொன்னார். பட்டினி கிடக்கக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. தலையை ஸ்கேன் எடுக்கவும் எழுதிக் கொடுத்தார். "படிக்கலாமாங்க?" என்று ரஞ்சனி கேட்டாள். "படிக்காம வேற என்ன பண்ணப் போற?" என்றார் அவர்.

பிறகு, "யார் எடுத்தது இது?" என்று கேட்டார். சிவசக்தி வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினாள்.

"ஆரம்பத்துல கை ஆடாம எடுத்திருக்க. இனிமே யாருக்காவது இப்படி வந்தா முதல்ல ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில எதையும் திணிக்காத. அதுக்கப்பறம் எடு. எடுத்துட்டு டாக்டருக்கு மட்டும் காட்டு."

பாராட்டா, அடியா என்று சிவசக்திக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினாள்.

கதை இங்கே நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. காளியண்ணன் மகள் கையில் மந்திரித்துக் கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சம்மதிக்கவில்லை. கண்ணாயி அவனோடு சண்டை போடாமல், கயிறு கட்டிய அந்தக் கையிலேயே காலையும் இரவும் மாத்திரையை வைக்கிறாள். எலுமிச்சம்பழத்தோடு வந்தவர்களுக்குக் கோபம். ஆத்தாளை மாத்திரையில் கட்டிவிட்டாள் என்று பேசுகிறார்கள். ரஞ்சனி பள்ளிக்குப் போகிறாள். பஸ்ஸில் இன்னும் ஒருவன் உர்ர் என்கிறான். அவளும் சிவசக்தியும் பழையபடி ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை. உட்கார வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஆனால் அவன் உர்ர் என்றபோது ஒருநாள் சிவசக்தி எழுந்து, "அது நான் பண்ண கேவலம்டா, நீ எதுக்கு அதுல பேர் வாங்கற?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். பஸ்ஸில் பாதிப் பேர் சிரிக்கவில்லை. பாதிப் பேர் சிரித்தார்கள்.

சும்மா கும்பிட்டவர்களும் சும்மா சிரித்தவர்களும் தாங்கள் வேறு வேறு கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் செய்தது ஒரே காரியம்தான். துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, துடிக்கிறாள் என்று பார்க்க மறுத்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒருக்களித்துப் படுக்க வைக்க ஒரு கை. கிடைத்தது கற்பூரமும் பாட்டும்.

எஸ்டேட்டில் களை வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், கஞ்சி குடிக்க உட்கார்ந்த நேரத்தில், கண்ணாயி போனை எடுத்தாள். அதற்கு முந்தின நாளே மகளிடம் கேட்டிருந்தாள். "சொல்லட்டா கண்ணு? எல்லாத்துக்கும் தெரிஞ்சு போயிருமே?"

"இப்ப மட்டும் தெரியலையாக்கும்" என்றாள் ரஞ்சனி. "வைப்ரேசன்ங்கறதுக்கு வலிப்புன்னே சொல்லட்டும். அது நோவு பேரு. வலிப்புன்னு சொன்னா நான் ஏன் தல குனியோணும்?"

கண்ணாயி மைக்கை அழுத்தினாள். எந்தெந்தக் குழுவுக்கு வீடியோ அனுப்பினாளோ, மாரமங்கலம், மஞ்சக்குட்டை, பறிக்கிற பெண்கள், பள்ளிக்கூட வகுப்பு, ஒன்று விடாமல் அத்தனைக்கும் அனுப்பினாள்.

"கண்ணாயி பேசறனுங்க. நான் முன்ன ஒரு வீடியோ அனுப்புனேனுங்க, கும்பிட்டுக்கங்கன்னு. அது ஆத்தா இல்லீங்க. என்ற புள்ளைக்கு வலிப்பு. மாத்திரை சாப்புடறா, நல்லா இருக்கறா. அன்னைக்கு அவ மூச்சுக்குத் தவிச்சுட்டு இருந்தா. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு ஆரும் தொடாதீங்கன்னேன். தப்பு எம்மேலதானுங்க. உங்க போன்ல அது இருந்தா அழிச்சுருங்க. சிரிச்சவங்க, கும்பிட்டவங்க, ரெண்டு பேருந்தானுங்க. அழிச்சுட்டு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் போனப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

குரல் இடையில் ஒரு தடவை உடைந்தது. அதை அழித்துவிட்டு மறுபடி பேசலாம் என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். வேண்டாம், அப்படியே போகட்டும் என்றாள் கண்ணாயி.

சில பதில்கள் வந்தன. 'அழிச்சுட்டேன் கண்ணாயிக்கா' என்று குரல்கள். ஒரு மஞ்சள் முகமும் வந்தது. அவள் கண்ணருகே கொண்டுபோய்ப் பல் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரியவில்லை. இது அழுகிற முகம்தான். எண்ணிப் பார்த்தால் வந்த பதில்கள் கொஞ்சம்தான். அந்த வீடியோ போன இடங்களோ அவளுக்கே தெரியாது. அவள் குரல் போய்ச் சேராத போன்களில் ரஞ்சனி இன்னும் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கிறாள்.

அதில் ஒன்று உங்களுடையதாக இருக்கலாம். ரஞ்சனியாக இல்லாவிட்டால் வேறு யாருடைய மகளாகவோ, மகனாகவோ இருக்கும். இதைப் படித்து முடித்த கையோடு போனைத் திறந்து தேடுங்கள். விழுந்தவர், திக்கியவர், அழுதவர், துடித்தவர், யாராக இருந்தாலும் அழியுங்கள். உங்களுக்கு அதை அனுப்பியவரைக் கூப்பிட்டு, அழிக்கும்படி உங்கள் குரலில் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை யாரைப் பார்த்துச் சிரித்தது என்று இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நாளைக்கு யாராவது உங்கள் கண்முன் விழுந்தால், முதலில் கையை நீட்டுங்கள்.